மதகு மேட்டில் ஏறிய வண்டி

சித்தப்பா முதன்முதலாக மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் நின்று வாங்க என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லாரும் கொல்லைப்பக்கமாக ஓடியிருந்தோம். அப்பா வேலியைத் தாண்டிக் குதித்தார். அத்தை வைக்கோல்போருக்குப் பின்னால் பதுங்கினாள். அம்மா கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். சித்தப்பா எங்களைக் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்து, பொங்கி வழிந்த சோற்றை இறக்கித் தானே கஞ்சி வடித்துவிட்டு, நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கண்டு நாங்கள் ஓடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடினோம். அது மிராசுதாருடைய வண்டியின் சத்தம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து மிராசுதாரின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தை நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தோம். குத்தகை நெல் அளந்ததற்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்த வழக்கம் அந்தப் பண்ணையில் கிடையாது. கேட்டால் மரியாதைக் குறைவு. ஆட்சி மாறி, குத்தகைதாரர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. உழுகிறவனுக்கே நிலம் என்று மேடை போட்டு முழங்கினார்கள். அந்த முழக்கம் மைக் செட்டோடு எங்கள் ஊருக்கு வந்து மைக் செட்டோடு போய்விட்டது. சட்டம் வந்ததும் மிராசுதார் செய்த முதல் காரியம், அத்தனை நிலமும் என் சொந்தச் சாகுபடி, குத்தகைக்காரன் என்று எனக்கு எவனும் கிடையாது என்று சொன்னதுதான். அந்த வருஷ அறுவடையின்போது மோட்டார் சைக்கிளில் வந்து வரப்போரம் நின்றார். பின்னாலேயே போலீஸ் வேன் வந்தது. எங்கள் வயலில் எங்கள் நெல்லை அறுத்துக்கொண்டிருந்த அப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் நெல் திருட்டு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து வந்த அப்பா நிலத்தை விடாமல் மறுபடி உழுதார், ஆனால் அதற்குப் பிறகு யாரையும் நம்பவில்லை. அந்தக் குணம் எனக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் கதவைத் தட்டுகிறவர் பெயரைச் சொன்னாலும் இரண்டாம் தடவை கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.

சித்தப்பா கூத்தாநல்லூரில் ஒரு பாய் நடத்திய பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். மிராசுதார் கார் வாங்கியதும் பழைய மோட்டார் சைக்கிளை அந்தப் பட்டறைக்கே தள்ளிவிட்டாராம். மலேயாவிலிருந்து வந்த ஒருவர் அமெரிக்கச் சாலையில் போகிற நீளமான வண்டி ஒன்றின் படத்தைக் காட்ட, அதைப் பார்த்துப் பாயும் சித்தப்பாவும் சேர்ந்து இதை அறுத்து ஒட்டியிருந்தார்கள். உட்காரும் இடத்தை ஒரு சாண் இறக்கி, கைப்பிடியை எருமைக்கொம்பு போல வளைத்து நெஞ்சருகே கொண்டுவந்து, கால் வைக்கிற கட்டையை முன்னால் தள்ளியிருந்தார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் சாய்ந்து நீண்டு, சக்கரம் மற்ற வண்டிகளில் இருப்பதைவிட ஒரு முழம் முந்திப் போயிற்று. பின்னால் உட்காருகிறவருக்கு மெத்தை, அதற்குச் சாய்மானம் வேறு. எஞ்சினை மட்டும் தொடவில்லை. ஆகவே உருவம் சித்தப்பாவுடையது, குரல் மிராசுதாருடையது.

பட்டறையில் கிடந்ததை வாங்கினேன் என்று சித்தப்பா சொன்னதை அப்பா ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. மிராசுதார் எலிப்பொறியைக்கூட இலவசமாகக் கொடுக்க மாட்டார், இவனுக்கு வண்டி கொடுத்திருக்கிறார் என்றால் என்ன வாங்கியிருக்கிறார் என்று யோசி, என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா யோசிக்க மறுத்தாள். கஞ்சி வடித்து வைக்கிற ஆள் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது அவள் கட்சி.

உண்மையை அறிய அப்பா என்னை அனுப்பினார். எனக்கு ஒன்பது வயது. காது கூர்மை என்று பெயர் வாங்கியவள். சித்தப்பா, நானும் வரேன் என்று பின்மெத்தையில் ஏறிக்கொண்டேன். அவர் எனக்கு ஊரைச் சுற்றிக்காட்ட அழைத்துப்போவார் என்று நினைத்தால், கழுத்துவரை தண்ணீர் ஊற்றிய ஒரு சொம்பை என் மடியில் வைத்து, ஒரு சொட்டு சிந்தினாலும் சொல்லு என்றார்.

அந்தச் சவாரி இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆற்றங்கரைப் பாதையில் வண்டி மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம்தான் வேகமாகப் போனது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எண்ணலாம்போல டுப், டுப் என்று நிதானமாக அடித்தது. கால் நீட்டிச் சாய்நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஊர் நம்மைத் தாண்டிப் போவது போலிருந்தது. ஏன் வேகமாகப் போகக் கூடாது என்று கேட்டேன்.

"இது ஓடுற வண்டி இல்ல புள்ள, நடக்கிற வண்டி. உள்ள கனமா ஒரு சக்கரம் சுத்துது. எவ்ளோ மெதுவாப் போனாலும் அது நிக்கவிடாது. நேர்ப் பாதையில கையை விட்டாக்கூட ஒழுங்காப் போகும். வளைவுலதான் கெஞ்சணும்."

மதகுக்கு ஏறுகிற மேட்டில் அவரே இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தனியாக வந்தால் அந்த மேட்டை வண்டி அதே தாளத்தில் ஏறிவிடும். பின்னால் பெரிய ஆள் இருந்தால் கியரைக் குறைக்க வேண்டும். அப்போது சத்தம் ஒரு மூச்சு நின்று, கனத்துத் தொடரும். மறுநாள் பின்மெத்தையில் இரண்டு நெல் மூட்டையைக் கட்டி ஏற்றிக் காட்டினார். நான் தூரத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்டு, மூட்டை இருக்கிறது, மூட்டை இல்லை என்று சரியாகச் சொன்னேன். சித்தப்பாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

பார்த்ததை எல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தேன். சொம்பில் தண்ணீர் சிந்திய இடத்தில் எல்லாம் சித்தப்பா இறங்கிப் பள்ளத்தில் மண் அள்ளிப் போடுகிறார், அடைக்க முடியாத பள்ளத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போடுகிறார் என்றேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சாராயம் கடத்த வழி பார்க்கிறான், குடம் உடையாமல் போகத்தான் இந்த ஒத்திகை என்றாள் அத்தை. சாராயத்துக்கு எதற்குச் சாய்மானம் வைத்த மெத்தை என்று அம்மா கேட்டாள். அப்பாதான் கடைசியாகத் தீர்ப்புச் சொன்னார். போலீஸ் வேன் போன தடவை சேற்றில் மாட்டிக்கொண்டதல்லவா, இந்தத் தடவை மாட்டாமல் வரப் பாதை போடுகிறான். அன்றிலிருந்து ஒரு கட்டளை பிறந்தது. வண்டி தனியாக வந்தால் வேலையைப் பார்ப்பது. பின்னால் ஆள் இருந்தால் உடனே வயலை விட்டு மூங்கில் தோப்புக்குள் போய்விடுவது. தனியா, ஆளா என்று சொல்ல வேண்டியவள் நான்.

சம்பா நடவுக்கு நாற்று பறித்துக் கட்டிப் போட்ட அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, நாளைக்குக் காலையில எல்லாரும் வயல்ல நில்லுங்க. வீட்ல ஒருத்தர்கூட இருக்க வேண்டாம். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அப்பா கேட்கவில்லை. சித்தப்பா போனபின் எங்களிடம்தான் சொன்னார்.

"வீடு வீடாத் தேட வேண்டாம்ல. ஒரே வளைப்பா வளைச்சுடலாம். அதான்."

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. பறித்த நாற்று நம் சண்டை தீரும்வரை காத்திருக்காது. விடிந்ததும் அப்பா, அம்மா, அத்தை, நடவுக்கு வந்த நான்கு பெண்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் வரப்பில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கால் பங்கு நட்டிருப்பார்கள். ஆற்றங்கரைப் பக்கம் அந்த டுப், டுப் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். மதகு மேட்டில் சத்தம் ஒரு மூச்சு நின்றது. பிறகு கனத்தது.

"ஆளுப்பா," என்றேன்.

அடுத்த நிமிஷம் வயலில் ஒருவரும் இல்லை. அம்மா மட்டும் கையில் நாற்றுமுடியோடு நின்றாள். அப்பா திரும்பிப் போய் அவளையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

மூங்கில் தோப்புக்குள் உட்கார்ந்து பார்த்தோம். சித்தப்பா வண்டியை நிறுத்தி, பின்னால் இருந்தவரைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினார். வெள்ளைச் சட்டை, கனத்த உடம்பு, கையில் தோல்பை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மப்டி போலீஸ் என்று அப்பா கிசுகிசுத்தார். சித்தப்பா வயலைப் பார்த்தார். அரைகுறையாக நட்ட நாற்று, மிதக்கிற நாற்றுமுடிகள், காலடித் தடங்கள், ஆள் மட்டும் இல்லை. அவர் முகம் போன போக்கை அங்கிருந்தே பார்த்தேன். மாட்டிக்கொண்ட திருடனின் முகம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, வாங்கண்ணே. நான்தாண்ணே கூப்புடுறேன்," என்று நாலு திசையும் பார்த்துக் கத்தினார். அம்மா எழுந்தாள். அப்பா அவள் கையை விடவில்லை. என் தலையை மறு கையால் அமுக்கிக்கொண்டார்.

அந்தச் சத்தம் எங்களுக்கு மட்டும் சொந்தமானதா என்ன? பண்ணைக் காரியஸ்தர் அதைக் கேட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்தார், கூடவே இரண்டு ஆட்கள். தோல்பைக்காரரைப் பார்த்ததும் கும்பிடு போட்டார். ஆட்கள் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டி, எங்கள் வயலில் இறங்கி, எங்கள் நாற்றை எடுத்து நட ஆரம்பித்தார்கள். இப்படி ஆழமா நட்டா எப்படித் தூர் கட்டும் என்று அம்மா பல்லைக் கடித்தாள். சித்தப்பா தோல்பைக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் வயலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து காகிதம் எடுத்து வண்டியின் மெத்தைமேல் வைத்து எழுதினார்.

பொழுது சாயும்போது சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார்.

"அவரு போலீஸ் இல்லண்ணே. குத்தகைப் பதிவு அதிகாரி. வயல்ல நின்னு பயிர் வைக்கிறது யாரோ அவங்க பேர எழுத வந்தவரு. நம்மகிட்ட சீட்டு இல்ல, நீங்க அங்க நிக்கிறதுதான் சாட்சி. பண்ணை ஆளுங்க நட்டதைப் பாத்து, மிராசுதார் சொந்தச் சாகுபடின்னு எழுதிட்டுப் போயிட்டாரு. இடுப்பு வலிக்காரரு, ஜீப்புல ஏற மாட்டாரு. இதுவரைக்கும் மிராசுதார் கார் அனுப்பித்தான் வந்தாரு. கார் காட்டுன நெலத்தைத்தான் பாத்தாரு. அவருக்காகத்தாண்ணே இந்த வண்டியவே செஞ்சேன்."

முதல்லயே சொல்றதுக்கு என்ன என்று அப்பா மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். உங்ககிட்ட சொன்னா டீக்கடைக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரிஞ்சா காரியஸ்தருக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை என்றார் சித்தப்பா. அவரை நாங்கள் நம்பவில்லை, எங்களை அவர் நம்பவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

எனக்கு அந்தப் பேச்சு எல்லாம் காதில் விழுந்தது. புரிந்தது ஒன்றுதான். யாரோ பேர் எழுத வந்தார், எங்கள் பேரை எழுத முடியாமல் போய்விட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பேர் எழுதுவான். எழுதப்பட்ட பேருக்கு வாத்தியாரிடம் முழங்காலுக்குக் கீழே இரண்டு அடி உண்டு. அப்படிப்பட்ட ஆபத்திலிருந்து வீட்டையே காப்பாற்றியிருக்கிறேன். பெரியவர்கள் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. சித்தப்பாவிடம் போய், நான்தான் முதலில் கேட்டேன் என்றேன். மதகு மேட்டில் சத்தம் நின்றதையும் கனத்ததையும் வாயாலேயே அடித்துக் காட்டினேன்.

அவர் ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்பது போல முழுவதையும் கேட்டார்.

"சரியாத்தான் கேட்டிருக்க," என்றார். என் தலையில் கை வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு வருஷம் அவர் ஏறாத ஆபீஸ் படி இல்லை. எழுதியது எழுதியதுதான் என்றுவிட்டார்கள். அந்தச் சம்பா அறுவடைக்கே எங்களை வரப்பில் நிற்க விடவில்லை. தை முடிவதற்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு திருவாரூருக்கு வந்தோம். அப்பா ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். முதல் நாளே நான் அவளிடம் மதகு மேட்டுக் கதையைச் சொன்னேன், சத்தத்தோடு. வகுப்பே கூடிக் கேட்டுக் கைதட்டியது. கதை முடிந்ததும் அவள், அவ்வளவு நல்ல ஊரை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டாள். தெரியல என்றேன். அது வேறு ஏதோ ஒரு கதை, அப்பாவுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னேன்.