ஊசி எழுதிய நூற்றிருபது பதில்கள்

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. ஒரு காகிதத்தை எடுத்து மூன்று வரி எழுதுவார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவில் அவர் ஒட்டிய காகிதம் இப்படி இருந்தது:

செய்தது: பொத்தானை அழுத்தினேன்.
எதிர்பார்த்தது: லிஃப்ட் வரும்.
நடந்தது: பதினோரு மாதமாக நான்காம் மாடிக்கு நடந்தே போகிறேன்.

படியேறப் போனவர்கள் நின்று படித்துச் சிரித்தார்கள். கட்டடச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை, கிழித்துப் போட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே காகிதம் இருந்தது. கீழே இன்னும் மூன்று வரி சேர்ந்திருந்தது. குறையை எழுதி ஒட்டினேன், குறை போகும் என்று எதிர்பார்த்தேன், காகிதம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

இப்படி எழுதுவதை அண்ணி பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கணினியில் சாகச ஆட்டங்கள் செய்கிறவர்களிடம் பழகிக்கொண்டார். இந்த ஆட்டத்தில் சுடுவதும் கிடையாது, வண்டி ஓட்டுவதும் கிடையாது. திரையில் ஒரு அறை தெரியும். அதில் இருக்கும் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம், மனிதர்களோடு பேசலாம். எதை எங்கே வைத்தால், யாரிடம் கொடுத்தால் கதை நகரும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி ஆட்டங்களைத் தாங்களே செய்து, காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் ஆடக் கொடுக்கிறவர்கள் இணையத்தில் ஒரு தளத்தில் கூடுவார்கள். 'பூட்டும் சாவியும்' என்பது அந்தத் தளத்தின் பெயர். இருநூறு பேர் இருப்பார்கள். பகலில் வங்கியிலும் பணிமனையிலும் மருந்துக்கடையிலும் வேலை பார்க்கிறவர்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

என் அண்ணன்தான் அங்கே முதலில் போனவன். கால் உடைந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது பொழுது போகாமல் ஆடினான். எலும்பு கூடியதும் அவன் போய்விட்டான், அண்ணி தங்கிவிட்டார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கிழிசல் தைப்பது அவர் வேலை என்பதால் தனக்கு 'ஊசி' என்று பெயர் வைத்துக்கொண்டார். யோசித்து வைத்த பெயர் என்று அண்ணன் சொன்னான். அவன் அதே சலவைக்கூடத்தின் வண்டியை ஓட்டுகிறான். நான் அங்கே துணி மடிக்கிறேன்.

அண்ணியின் கோபத்துக்கு மூலகாரணம் அவருடைய அப்பாவின் பல்செட். அவர் ஒரு வாரம் இதே மருத்துவமனையில் படுத்திருந்தார். பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி, மருத்துவமனை கொடுத்த சட்டையின் பையில் போட்டுவிட்டுத் தூங்கினார். எழுந்து பார்த்தால் சட்டையை மாற்றியிருந்தார்கள். அண்ணி ஐந்து கவுன்ட்டர்களில் கேட்டார். ஐந்திலும் தலை நிமிராமல் ஒரே பதில் வந்தது: "அது எங்க பொறுப்பு இல்லைங்க." கடைசியில் பின்வாசல் வழியாகச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தார். இஸ்திரி போடும் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். சட்டைப் பைகளில் கிடைத்ததையெல்லாம் அவர் அதில்தான் போட்டு வைப்பார். உள்ளே மூன்று பல்செட்டுகள் இருந்தன.

"உங்க அப்பா எப்படிச் சிரிப்பாருன்னு ஞாபகம் இருக்கா? பார்த்து எடுத்துக்கோங்க."

பல் கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. அந்த ஐந்து கவுன்ட்டர் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அடுத்த ஆண்டு அண்ணி அந்தச் சலவைக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் செய்த ஆட்டத்தின் பெயரும் 'பிஸ்கட் டப்பா'தான். டப்பாவில் பன்னிரண்டு பொருள்கள் இருக்கும். சலவைக்கூடத்திலும் வார்டுகளிலுமாகப் பதினோரு பேர் இருப்பார்கள். எந்தப் பொருள் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகக் கொடுக்கப் பன்னிரண்டு வழிதான். தப்பாகக் கொடுக்க நூற்றிருபது வழி.

மற்றவர்கள் செய்த ஆட்டங்களில் எதை யாரிடம் தப்பாக நீட்டினாலும் "இது எனக்கு வேண்டாம்" என்று ஒரே வரி வரும். அந்த வரியைப் பார்த்தாலே அண்ணிக்கு முகம் மாறிவிடும்.

"கையில என்ன வச்சிருக்கோம்னு பார்க்காமலே பதில் சொல்றான் பாரு" என்பார், திரையைப் பார்த்து.

அதனால் நூற்றிருபது தப்புக்கும் நூற்றிருபது பதில் எழுதுவது என்று முடிவு செய்தார். கற்பனையாக எழுதவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நோட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், ஒருத்தர் வந்து இதை உங்களிடம் நீட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பல்செட்டுக்கு இஸ்திரி அக்கா சொன்னது: "எனக்கு இருக்கிற பல்லால சிரிக்கவே நேரமில்ல. இதுக்கு வேற நேரம் ஒதுக்கணுமா?" குழந்தையின் ஒற்றைக் காலுறைக்குக் காவலாளி, இன்னொரு கால் வந்ததும் சொல்லி அனுப்பு என்றார். காது மெஷினுக்கு அண்ணன் சொன்னது, "குடு, உங்க அண்ணி பேசறப்போ கழட்டி வைக்க எனக்கும் ஒண்ணு வேணும்." அண்ணி அதையும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். அன்று வீட்டில் அவனோடு பேசவில்லை.

என்னிடம் வந்தபோது எல்லாப் பொருளுக்கும் "மடிச்சு வைக்கட்டுமா?" என்றே சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அண்ணி நோட்டை மூடிவிட்டு, நீயும் ஒரு கவுன்ட்டர் ஆகிவிட்டாய் என்றார். அது எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் கழித்து பன்னிரண்டு பொருளுக்கும் வேறு வேறு பதிலைப் பன்னிரண்டு துண்டுச் சீட்டில் எழுதி அவர் தையல் மெஷினுக்கு அடியில் வைத்தேன்.

ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உட்கார்ந்து எல்லாப் பொருளையும் எல்லாரிடமும் நீட்டினேன். முப்பத்தொரு குறை கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் மூன்று வரியில் எழுதினேன். எட்டாம் வகுப்பில் நின்ற பிறகு கையெழுத்துக்கு மேல் நான் எழுதியது அந்தச் சீட்டுகளும் இந்தக் குறைகளும்தான்.

ஆட்டத்தைச் செய்து முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. ஆட்டத்தைத் தளத்தில் போட்டதும் நாற்பது பேர் ஆடினார்கள். ஒருத்தர், சரியான பதில் தெரிந்த பிறகும் வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினார். அண்ணி அதை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

அந்தத் தளத்தில் சில வழக்கங்கள் உண்டு. செய்த ஆட்டத்தின் உள்விவரம் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும், புதியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக. ஆண்டுக்கு ஒருமுறை நல்ல ஆட்டங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு வரும். வெளியாட்கள் ஆடுவது அதைத்தான். தொகுப்பில் இருப்பதே அந்த ஆட்டம் என்று காலாகாலத்துக்கும் நின்றுவிடும். யாராவது ஒரு ஆட்டத்தில் குறை எழுதினால், எழுதினவரே சரியாகிவிட்டது என்று மூடினால்தான் அது மூடும். மூடாத குறை ஒன்று இருந்தாலும் ஆட்டம் தொகுப்பில் சேராது.

அந்த ஆண்டுத் தொகுப்புக்கு ஆட்டங்களைத் தயார் செய்தவருக்கு 'மாலுமி' என்று பெயர். பழைய ஆள், எல்லாருக்கும் வேண்டியவர். 'பிஸ்கட் டப்பா' தேர்வாகியிருந்தது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொகுப்பு முடிகிறது. புதன்கிழமை அண்ணி போய்ப் பார்த்தால், அவருடைய ஆட்டம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தது. படங்கள் பளபளவென்று இருந்தன. 'ஊசியின் ஆட்டம், மாலுமியின் மெருகு' என்று மேலே போட்டிருந்தது. அண்ணி பல்செட்டை எடுத்து இஸ்திரி அக்காவிடம் நீட்டினார்.

"இது எனக்கு உதவாது" என்றார் இஸ்திரி அக்கா.

காலுறையைக் காவலாளியிடம் நீட்டினார். "இது எனக்கு உதவாது." காது மெஷினை அண்ணனிடம் நீட்டினார். அவனும் அதையே சொன்னான். நூற்றிருபதையும் எடுத்துவிட்டு ஒரே வரியைப் போட்டிருந்தார் மாலுமி. ஆட்டம் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது என்று கீழே பதினாறு பேர் பாராட்டியிருந்தார்கள்.

அண்ணி கேட்டதற்கு மாலுமி உடனே பதில் எழுதினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சொல்ல நேரமில்ல. தப்பாக் கொடுத்தா வர்ற பதிலை யாரு உட்கார்ந்து படிக்கப் போறாங்க? இப்ப பாருங்க, அரை மணியில முடியுது. உங்க பேர் மேலதான இருக்கு?"

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அண்ணி இதை எல்லாரிடமும் சொன்னார். இஸ்திரி அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் பேசினது?"

"எடுத்துட்டான்."

"நான் சொன்னதை எடுத்துட்டு, நான் சொல்லாததை என் வாயில வச்சிருக்கானா? யாருடி அவன்? எந்த வார்டு?"

என் பன்னிரண்டு சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது.  மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணி விடுப்பு எடுத்தார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, மாலுமி போட்டிருந்த ஆட்டத்தின் மேல் குறை எழுதத் தொடங்கினார். முதல் குறை: செய்தது, இஸ்திரி அக்காவிடம் பல்செட்டை நீட்டினேன். எதிர்பார்த்தது, அவர் சிரிக்க நேரமில்லை என்று சொல்வார். நடந்தது, 'இது எனக்கு உதவாது' என்றார். இரண்டாவது குறை காவலாளிக்கும் காலுறைக்கும். அப்படியே ஒவ்வொன்றாக, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதாமல், நூற்றிருபது குறை. நடுவில் ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்தார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. படிக்கவே பயமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் மாலுமி நூற்றிருபதுக்கும் பதில் போட்டுவிட்டார். முதல் குறைக்குப் பதில்: "இது பிழை அல்ல." இரண்டாவதற்கும் அதேதான். நூற்றிருபதாவதற்கும் அதேதான். ஒன்றை எழுதி எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தார். எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அண்ணி துணி உலர்த்தப் போயிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதுவரை வந்ததில்லை. தளத்தில் நான் ஒரு வார்த்தைகூட எழுதினதில்லை. எனக்கு அங்கே பெயரே இல்லை. 'மடிப்பு' என்று ஒரு பெயரைப் போட்டு நூற்றிருபத்தொன்றாவது குறையை எழுதினேன்.

செய்தது: மாலுமியிடம் நூற்றிருபது குறைகளைக் கொடுத்தோம்.
எதிர்பார்த்தது: அவற்றைப் படிப்பார்.
நடந்தது: ஒரு பதில் கிடைத்தது.

எழுதி முடித்ததும் கணினியை மூடிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை காலையில் தொகுப்பைப் பூட்டுகிறவர் அண்ணிக்கு எழுதினார். 'கடிகாரம்' என்று பெயர் கொண்ட அந்தப் பெரியவர் யார் பக்கமும் பேசமாட்டார். அவர் எழுதியது இதுதான்: மடிப்பின் குறையைப் படித்த பிறகு சிலர் தங்கள் பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மாலுமி செய்தது முறையில்லை என்று அவரும் நினைக்கிறார். ஆனால் அண்ணியின் பழைய ஆட்டத்தைத் திரும்ப வைக்க இரண்டு பேர் ஒரு வாரம் சோதிக்க வேண்டும், அதற்கு நேரம் இல்லை. குறைகளை மூடினால் மாலுமியின் வடிவம் உள்ளே போகும். மூடாவிட்டால் 'பிஸ்கட் டப்பா' இல்லாமலே தொகுப்பு வெளியாகும். தொகுப்பில் ஒருமுறை விட்டுப்போனதை மறு ஆண்டு எடுப்பதில்லை.

மூன்று வருட உழைப்பு.  என் குறையை நான் மூடிவிடட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"நேத்து முதல் குறை எழுதும்போதே எனக்கு இது தெரியும்" என்றார்.

அண்ணன் பக்கத்தில் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பேர் உள்ளே இருந்தால் போதாதா, நாலு பேர் பார்ப்பார்களே என்றான். அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"பேர் இருக்கும். உங்க எல்லாரையும் ஊமையாக்கி உள்ள கொண்டுபோய் உட்கார வச்சிட்டு, மேல என் பேரை எழுதிக்கவா? வெளியவே நிக்கட்டும்."

அவர் எதையும் மூடவில்லை. நானும் மூடவில்லை. பன்னிரண்டு மணி ஆனது. தொகுப்பில் பதினெட்டு ஆட்டங்கள் வந்தன, வழக்கமாக வருவது பத்தொன்பது. அன்று மாலை மாலுமி ஒரு நீண்ட மன்னிப்பு எழுதினார். அதில் பாதி, தான் நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்பது. அண்ணி அதற்குப் பதில் போடவில்லை. பதில் இல்லாமல் இருந்து பார்க்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை மதியம் மடிக்கணினியைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். தையல் மேசையில் வைத்து, தன்னுடைய ஆட்டத்தைத் திறந்தார். இஸ்திரி அக்காவுக்குத் தன் பேச்சு இன்னும் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். அக்கா பல்செட்டை எடுத்துத் திரையில் இருந்த தன்னிடமே நீட்டினார். "எனக்கு இருக்கிற பல்லால சிரிக்கவே நேரமில்ல" என்று திரையில் வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு ஒரு தடவை போதவில்லை, இன்னொரு தடவை நீட்டினார். திரையில் அதே வரி வந்தது.

இஸ்திரி அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, ரெண்டாவது வாட்டி நீட்டினாலும் அதையேதான் சொல்றேன்?"

அண்ணி நிமிர்ந்தார்.

"திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்ல நான் என்ன கிளிப்பிள்ளையா? அந்த மாலுமி எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில். நீ ஒரு பொருளுக்கு எத்தனை வாட்டி கேட்டாலும் ஒரே பதில்."

 அத்தனை ஞாயிற்றுக்கிழமை சோதித்தும் நான் எதையும் யாரிடமும் இரண்டாவது தடவை நீட்டிப் பார்க்கவில்லை. அண்ணியின் காதுமடல் சிவந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தன் ஆட்டத்தின் மேல், தன் கையால், மூன்று வரி எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது. எழுதி முடித்து நோட்டைத் திறந்தார்.

"சொல்லுங்க. ரெண்டாவது தடவை நீட்டினா என்ன சொல்வீங்க?"

"'இப்பத்தானே சொன்னேன், காது எங்க இருக்கு?'ன்னு கேட்பேன்."

எழுதிக்கொண்டார்.

"மூணாவது தடவை?" என்று இஸ்திரி அக்காவே கேட்டார்.

அண்ணி அவரை முறைத்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி மூன்று கட்டமாகக் கோடு போட்டார். போட்டுவிட்டு, அடுத்தது நீ என்பது போல என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.