திட்டாத துரை

கன்னையாவைக் கெடுத்தது துரையா, நானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யோசித்தால் தலைவலிதான் மிச்சம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் இரும்புப் பட்டறை. ஊரிலிருந்து கப்பலேறி வந்த அவனும் நானும் அங்கே பதினோரு வருஷம் ஒன்றாகச் சம்மட்டி அடித்தோம். ஊரில் அவனுக்கு ஒரு குடிசைகூடக் கிடையாது, வா என்று சொல்ல ஆளும் கிடையாது. கிள்ளானில் பிறந்து வளர்ந்த நல்லம்மாளைக் கட்டியிருந்தான். 1931இல் அவள் ஐந்து மாசம் முழுகாமல் இருந்தாள்.

பழைய துரை வாயைத் திறந்தால் வசவுதான். "கழுதே, கன்னையா! கண்ணு எங்கே?" என்று கத்துவார். பயல் பூரித்துப் போவான். வீட்டுக்குப் போய், "இன்னிக்குத் தொரை ரெண்டு தடவ திட்டினாரு புள்ளே" என்று பெண்டாட்டியிடம் பெருமையடிப்பான். திட்டுகிற துரை ஆளை வேலையை விட்டு அனுப்ப மாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் இருந்தவரை யாரையும் அனுப்பவும் இல்லை.

அவர் சீமைக்குப் போனதும் சின்ன வயசுத் துரை ஒருவர் வந்தார். திட்டவே மாட்டார். பார்த்தால் சிரிப்பார், "சம்சாரம் சுகமா?" என்று கேட்பார். அடக் கடவுளே, கூலிக்காரனிடம் இப்படியா பேசுவது! கன்னையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"எம்மேல என்னண்ணே கோவம் அவருக்கு? ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கிறாரே" என்று என்னைப் பிடுங்கியெடுத்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒருநாள் வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கோணலாக அடித்து அவர் முன்னால் வைத்தான். துரை, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க இவன் பேயறைந்தவன் மாதிரி இருந்தான்.

அந்தச் சமயத்தில் பட்டறையில் வேலை குறைந்தது. பாதிப் பேர் போகவேண்டும், ஊருக்குப் போக இஷ்டப்படுகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்று அறிவித்தார்கள். துரை ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"உள்ள போய் என்னண்ணே சொல்றது?" என்றான் கன்னையா.

"நம்ம ஆசையைச் சொல்லித் தொலைச்சிடாதே. பெரியவங்க முன்னால அது மரியாதை இல்ல. 'தொரை உத்தரவு'ன்னு கையைக் கட்டி நில்லு. எரக்கப்பட்டு அவரே வெச்சுக்குவாரு" என்றேன். பழைய துரையிடம் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பிழைத்தோம்.

வாசலில் நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது. துரை தனக்குத் தெரிந்த தமிழில், "இங்கே இருக்க இஷ்டமா, ஊர் போக இஷ்டமா? பயம் வேண்டாம்" என்றார்.

"தொரை உத்தரவு."

"உன் இஷ்டம் கேட்கிறேன்."

"தொரை எது சொன்னாலும் சந்தோசம்."

"கப்பல் போக சந்தோஷமா?"

"சந்தோசம் தொரை" என்று சிரித்துவைத்தான். துரையும் சிரித்தபடி எதையோ எழுதிக்கொண்டார்.

அவன் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டான். அடுத்தது நான். அந்தப் பேனாவைப் பார்த்ததும் அவனுக்குச் சொன்ன புத்தியெல்லாம் எங்கே போயிற்றோ! "நான் போகல தொரை! இங்கேயே இருக்கேன்!" என்று கத்திவிட்டேன். துரை கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். கன்னையா போகிறவர்களில், நான் இருக்கிறவர்களில்.

"போய்ச் சொல்லேண்டா, போக இஷ்டமில்லேன்னு" என்றேன்.

"உத்தரவு போட்டப்புறம் எதுத்துப் பேசறதா? எம்மேல கோவம்தாண்ணே அவருக்கு" என்றான்.

நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அவன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். வெட்கக்கேடு!

கிள்ளான் துறைமுகத்துக்கு ரயில் ஏறும் நாளில் துரையே ஸ்டேஷனுக்கு வந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று ஒரு கம்பளித் துணி கொடுத்தார். கன்னையா அழுதுவிட்டான். "ரொம்ப சந்தோஷமா?" என்று துரை கேட்டார். "சந்தோசம் தொரை" என்றான். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நல்லம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி நகர்ந்தபோது கன்னையா ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே 'தொரை உத்தரவு'ன்னு சொன்னோம்? உங்களை மட்டும் ஏன் வெச்சுக்கிட்டாரு?"

"தெரியலையேடா" என்று சொல்லிக் கையை ஆட்டினேன்.