அடுப்பருகே காய்ந்த கோட்டு

அந்த அதிகாரியை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அப்போது நான் அப்புத்தளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கர். இந்தியாவிலிருந்து வந்த சனங்கள் எதற்காகத் தொழிற்சாலை வேலையை விரும்புகிறார்கள் என்று ஆராய, கொழும்பிலிருந்து வந்திருந்தார். பென்சிலால் கீறியது போல மீசை. பதில் முடியுமுன்பே குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிடும் பழக்கம்.

அன்று நல்ல மழை. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவரிடம் கேட்டார்: “மலையில வேலை செய்யாமல் ஏன் இஞ்சை நிக்கிறீர்?”

“இங்க சூடு இருக்குங்க. சம்சாரம் மழையில நனைஞ்சுக்கிட்டே கொழுந்து எடுக்குது. நாங்க இருக்கிற லயத்து அறையில அது போத்திக்கிற கம்பளி காயவே மாட்டேங்குது. இங்க போட்டா மறுநாளைக்குக் காஞ்சிருதுங்க.”

அடுப்பருகே கொடியில் அந்தக் கம்பளி தொங்கியது. புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். ‘சோம்பல்’ என்று எழுதியிருந்தார்.

பிறகு கம்பளியைத் தரையில் தள்ளிவிட்டு, நனைந்த தன் கோட்டைக் கொடியில் போட்டார். அது காயும்வரை அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். விறகு போடுகிறவர் அவரைச் சுற்றிச் சுற்றி விறகு சுமந்தார்.

காய்ந்த கோட்டை மாட்டிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். கம்பளி ஈரமாகவே கிடந்தது. இந்த அதிகாரி எதற்காக வேலைக்குப் போகிறார் என்று யாராவது ஆராய்ந்தார்களா, தெரியவில்லை.