பின் கண்ணாடியில் ஒரு பதில்

திருத்தணி மலைக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் கடையில் நிற்கிறோம். லைசென்ஸ் வாங்கி நாலே நாளான என் மனைவிதான் சென்னையிலிருந்து காரை ஓட்டி வந்திருக்கிறாள். வழி நெடுக பின்னாலிருந்து ஹாரன் தொல்லை.

"பின் கண்ணாடியில ஏதாவது எழுதணும். கெஞ்சுற மாதிரி மட்டும் வேண்டாம்," என்கிறாள்.

கடைக்கார அம்மா கம்ப்யூட்டரில் தட்டிக் காட்டுகிறார்: 'கத்துக்கினு கீறேன். நீயும் கத்துக்கினு வந்தவன்தான்.'

"மஞ்சள்ல பெருசா போட்டுடலாமா?" என்று கேட்கிறாள் மனைவி.

"ஆங், லாரிக்காரருக்கும் தெரியணும் இல்லீங்களா?" என்கிறார் அந்த அம்மா.

சோப்புத் தண்ணீர் தெளித்து மனைவியே எழுத்துகளை ஒட்டுகிறாள். அட்டையால் தேய்த்துக் குமிழிகளை வெளியேற்றுகிறாள்.

மலைப்பாதை ஏற்றத்தில், நெரிசலில் நிற்கும் எங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நிற்கிறது. ஓட்டுநர் தலையை நீட்டி உரக்கப் படித்துவிட்டு, நிதானமாகப் போகும்படி கை காட்டுகிறார். அதைக் கண்டு இவள் சிரித்த சிரிப்பில் கிளட்சை விட்டுவிட, வண்டி அணைந்துபோகிறது. அவரும் சிரித்துக்கொண்டே காத்திருக்கிறார்.