துவாதசி நீலம்

மாபெரும் மனிதர்களின் வாழ்க்கையை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஸ்ரீமான் சந்திரமௌலிக்கு என்னை விட்டால் நாதியில்லை. மந்தைவெளியில் ஆறு குடித்தனமும் ஒரே கிணறுமாக இருந்த வீட்டில் வசித்தவர் அவர். மத்திய சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து, 1974-இல் பென்ஷனையும் நீரிழிவையும் ஒரே மாதத்தில் பெற்றுக்கொண்டார்.

அவருடைய வீரத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது ஊசி போட்ட ஓட்டை. அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்குள் வந்துவிட்டால், பரண்மேல் ஏறிப் பித்தளை அண்டாவுக்குள் உட்கார்ந்துகொள்வார். கடைசியாக அப்படி ஏறியபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அண்டாவிலிருந்து அவரை உருவ மூன்று பேர் தேவைப்பட்டார்கள். உருவிய பிறகு குத்தினார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் லஸ் பக்கத்து டாக்டர் ஹனீஃபா சொன்னார்: "இப்போதைக்கு மாத்திரை போதும் சார். வீட்லயே மூத்திரத்தை டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதிட்டு வாங்க. மாசம் ஒரு தடவை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, நான் ரத்தம் பாக்கறேன். மூணு மாசத்துல வழிக்கு வரலேன்னா தினம் ஊசிதான்."

மாதம் ஒரு ஊசிக்கே அவர் கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஜபித்ததில், நர்ஸ் அமீனாவுக்கு இரண்டு சுலோகம் மனப்பாடம் ஆகிவிட்டது. தினம் ஊசி என்றால் என்ன ஆகும்?

வீட்டுப் பரிசோதனை எளியது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் ஆபத்து.

எங்கே கொதிக்கவைப்பது என்பதில்தான் சிக்கல். "அந்தக் கண்றாவியை ஆத்துக்குள்ள கொண்டுவரப்படாது. கிணத்தடில வச்சுக்கோங்கோ. குளிக்கறதுக்கு முன்னாடி" என்று அவர் மனைவி சூடாமணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கிணற்றடியிலோ காலை முதல் ஆறு குடித்தனத்துப் பெண்களும், அவர்கள் அத்தனை பேருக்கும் பாத்திரம் தேய்க்கும் முனியம்மாளும் இருப்பார்கள். ஒரு மாஜி தலைமைக் குமாஸ்தா அவர்கள் நடுவே குழாயும் கையுமாக நிற்பதா?

பஞ்சாங்கம் கைகொடுத்தது. அவர் ஏகாதசி தவறாதவர். அன்று முழுதும் பச்சைத் தண்ணீர்தான். மறுநாள் துவாதசி, விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்காக விடியுமுன் எழுந்துவிடுவார். அப்போது கிணற்றடியில் ஈ காக்கை இராது. ஆகவே துவாதசிக்குத் துவாதசி சோதித்தார்.

நீலம். அடுத்த துவாதசியும் நீலம். ஒருமுறை சாங்ஷன் ஆன ஃபைலைத் தினமும் பிரித்துப் பார்ப்பது ஆபீஸ் வழக்கமில்லை. ஒரு நீலம் பதினைந்து நாளைக்குச் செல்லும் என்று தீர்மானித்து, சாயங்காலங்களில் "பீச்சுக்கு நடந்துட்டு வரேன்" என்று கிளம்பி, வழியிலிருந்த ஹோட்டலில் இரண்டு ஜாங்கிரியோடு நடையை முடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் ஆயிற்று. நோட்டில் ஆறு நீலம். ரத்தத்திலோ முதல் மாதம் 270, அடுத்து 290, பிறகு 310.

"டாக்டர், லேபாரட்டரில யாரோட ரத்தத்தையோ என் பேர்ல ஏத்திட்டா. அந்த மனுஷனை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

"மூணு தடவையுமா சார்?"

"அவரும் நான் வர தேதிக்கே வரார் போலிருக்கு."

டாக்டர் நோட்டைப் பார்த்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். எழுந்து போய் ஒவ்வொரு தேதியிலும் விரல் வைத்தார்.

"நீங்க டெஸ்ட் பண்ணதெல்லாம் ஏகாதசிக்கு மறுநாளாவே இருக்கே?"

"அன்னிக்குத்தான் கிணத்தடி காலி."

"சார், இது ரமலான். விடியக்காலைலேர்ந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல. இப்ப என்னைப் பாத்துட்டு, இவர் பிரியாணியே தொடமாட்டார்னு சர்டிபிகேட் குடுப்பீங்களா? உங்க நோட்டும் பொய் இல்ல, லேபும் பொய் இல்ல. நோட்டு, பட்டினி கிடந்த சந்திரமௌலியைப் பாத்துது. ரத்தம், சாப்பிட்ட சந்திரமௌலியைப் பாத்துது."

சந்திரமௌலி டாக்டரின் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஹனீஃபா இரக்கமுள்ளவர். இருபத்தொரு நாள் அவகாசம் கொடுத்தார். தினமும் மத்தியானம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். அதன் பிறகும் ரத்தம் இறங்காவிட்டால் ஊசி.

மறுநாள் ஒரு மணிக்கு, சோதித்ததும் மறுபடி குளிப்பதாகச் சூடாமணியிடம் ஒப்புக்கொண்டு போனால், கிணற்றடியில் கும்பல்.

"இன்னா ஐயரே, கெணத்தாண்ட காபி போட்டுக்கினு கீறே?" என்றாள் முனியம்மாள். பதில் வருவதற்குள் குழாய் நிறம் மாறிவிட்டது. "அய்ய, செங்கல்லு! அல்லாரும் ஓடியாங்க!"

அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். சூடாமணியும் வந்தாள். செங்கல் நிறத்துக்கு அர்த்தம் என்னவென்று கேட்டறிந்தாள்.

"ஏன்னா, ரசஞ்சாதத்துக்கா செங்கல் வரது? பீச்சுக்குப் போய் என்ன, மணலையா தின்னேள்?"

"ஜாங்கிரி."

"எத்தனை?"

"அன்னிக்கு நீலமா வந்துது சூடா..."

"எத்தனைன்னு கேட்டேன்."

அன்றிலிருந்து நடைக்குச் சூடாமணியும் துணை வந்தாள். ஹோட்டல் வாசலில் மட்டும் வேகமாக நடந்தாள். குழாய் ஆரஞ்சுக்கு இறங்கிற்று, பிறகு மஞ்சளுக்கு. ஒரு மணி ஆனால் பெண்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வாசல்வரை கேட்கும்படி நிறத்தை அறிவிப்பது முனியம்மாள் பொறுப்பு. பன்னிரண்டாம் நாள் திடீரென்று "செங்கல்லு!" என்று அலறியவள், மூன்றாம் குடித்தனத்துப் பொன்ராஜ் பக்கம் திரும்பினாள். அன்று காலைதான் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். "யாரு ஐயருக்கு லட்டு குட்த்தது?" பொன்ராஜ் தலைகுனிந்தார். இனி ஐயருக்கு வெற்றிலை பாக்கு மட்டும்தான் என்று கிணற்றடி ஏகமனதாக முடிவு செய்தது.

இருபத்தொன்றாம் நாள் குழாயில் பச்சை. அன்றைய ரத்தத்தில் 170.

"நோட்டும் ரத்தமும் இப்பத்தான் ஒரே ஆளைப் பத்திப் பேசுது. ஊசி வேண்டாம் சார்" என்றார் டாக்டர்.

வீட்டுக்குத் திரும்பினால் முனியம்மாள் வாசலிலேயே மறித்தாள். "இன்னா ஐயரே, ஊசியா?"

"இல்லை."

அவள் முகம் தொங்கிவிட்டது. "த்சோ! பரணுலேந்து அண்டாவ எறக்கி, புளி போட்டுப் பளபளன்னு வெளக்கி வெச்சேன். நீ உள்ள குந்துனா உறுத்தக்கூடாதுன்னு பழம்பொடவ கூட மடிச்சிப் போட்டுக்கீறேன். அல்லாம் வேஸ்ட்டு!"