ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த கப்பல்

உலகத்தில் உள்ள அத்தனை கடலும் சித்தியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அலையடிக்கின்றன. திமிங்கிலங்கள் அவள் ஆபீஸ் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நீந்துவதில்லை. சூரை மீன்கள் தங்கள் குஞ்சுகளைத் தூங்கவைக்க சித்தியின் பெயரைத்தான் சொல்கின்றன. திருட்டு மீன் பிடிக்கிறவர்களைத் தூங்கவிடாமல் செய்வதும் அதே பெயர்தான்.

மற்றபடி சித்திக்கு நீச்சல் தெரியாது. கரையில் கட்டிப்போட்ட படகில் கால் வைத்தாலே குமட்டும். அவளுடைய வேலை, மீன்வளத் துறை ஆபீஸின் மூன்றாவது மாடியில், ஒரு கை உடைந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் புள்ளிகளைப் பார்ப்பது. சூரை பிடிக்கும் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்க வேண்டும் என்பது பல நாடுகள் சேர்ந்து போட்ட விதி. கால் மணிக்கு ஒரு தடவை அந்தப் பெட்டி, தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி. குஞ்சு மீன் வளரும் மூன்று மாதமும் கடலின் ஒரு பகுதியில் யாரும் வலை போடக் கூடாது. அதற்குள் நுழைந்தால் புள்ளி சிவந்துவிடும். பதினோரு வருடமாக இதையே பார்த்ததில், தலையணை உறையில் இருக்கும் புள்ளிகளைக்கூட ஒரு முறை எண்ணிவிட்டுத்தான் சித்தி படுப்பாள்.

போன வருடம் அவள் ஒரு தப்புச் செய்தாள். ஒரு கப்பல் மூடிய பகுதிக்குள் இரண்டு நாள் நின்றது. கரைக்கு வந்ததும் சித்தி பிடித்துவைத்துவிட்டாள். பார்த்தால், பாவம், இன்ஜின் பழுதாகி மிதந்துகொண்டிருந்திருக்கிறது. வலைகூட நனையவில்லை. அந்த நாட்டிலிருந்து மூன்று பக்கத்துக்குக் கடிதம் வந்தது. டைரக்டர் அதைச் சித்தியையே சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கிடங்குக்குப் போயிடுங்கம்மா," என்றார். "லைஃப் ஜாக்கெட்டை எண்ணிக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்."

கிடங்கில் ஜன்னலும் கிடையாது, திரையும் கிடையாது. சித்தி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அவளுக்கு அது ஒரு வாரப் பட்டினி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளைக் கப்பல் ஒன்று வயிறு முட்டச் சூரையோடு வந்து நின்றது. மாலை ஐந்து மணிக்குள் மீனை இறக்க அனுமதி வேண்டும். அதன் புள்ளி ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. கடலில் இருந்த இரண்டு மாதமும் எங்கேயோ வேறொரு நாட்டின் இரண்டு தீவுகளுக்கு நடுவில், சமர்த்தாகப் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது.

பக்கத்து சீட்டுக்காரருக்கு ஆபீஸில் 'சரிதான்' என்று பெயர். எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு. கையெழுத்தைப் போடுங்க மேடம்."

"ரொம்ப ஒழுங்கா இருக்கே சார். அதான் உறுத்துது."

"சரிதான்."

சித்தி படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. முக்கால் மணியில் எதிர்த் தீவு. அங்கே கால் மணி நிற்கிறது. திரும்புகிறது. பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை அசைவதில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரே இடத்தில் போய் அடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, அவ்வளவுதான்.

"சார், சூரை மீன் ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குமா?"

"சரிதா..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். அவர் பாதியில் நிறுத்தி ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தீவின் படகுத்துறை எண்ணைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. போனை எடுத்தவர் டிக்கெட் கவுன்டர்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம். அதிலும் அவர் உடைத்த இடம் வேறு, சித்தி உடைத்த இடம் வேறு. ஒருவழியாக நாலரை மணிக்கு அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சித்தி அதை அச்செடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள். கப்பலின் கேப்டன் ஏற்கெனவே அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க அவருடைய சென்ட்.

"மறுபடியுமாம்மா?" என்றார் டைரக்டர். "நாற்காலியை நெனச்சுப் பாருங்க."

"அதை நெனச்சுதான் சார் மத்தியானம் சோறு எறங்கலை. நாலு கேள்வி கேட்டுக்கறேன். தப்பா இருந்தா கிடங்குச் சாவியைக் குடுங்க, நானே போயிடறேன்."

கேப்டன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"தினம் ஒரு மணிக்குக் கப்பலை நிறுத்தியிருக்கீங்களே?"

"ஆளுங்க சாப்பிட வேண்டாமா மேடம்?"

"ஞாயித்துக்கிழமை?"

"அவங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க. போன்ல பேசிக்குவாங்க."

"பதினேழாம் தேதி மட்டும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓட்டியிருக்கீங்க."

"அன்னைக்கு மீன் அப்படிக் கெடச்சுது. அள்ள அள்ள வந்துக்கிட்டே இருந்தது."

சித்தி பேப்பரை அவர் பக்கம் தள்ளினாள். அது அந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே ஆட்களை ஏற்றிப் போகும் பயணிகள் படகின் நேர அட்டவணை. ஆறு மணிக்கு முதல் நடை. ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை. ஞாயிறு இரண்டே நடை. அடியில் பொடி எழுத்தில், பதினேழாம் தேதி கால்பந்துப் போட்டியை முன்னிட்டு இரவு பதினொன்று வரை படகு உண்டு என்று போட்டிருந்தது.

"அந்த மீனுங்க டிக்கெட் எடுத்துச்சா?" என்றாள் சித்தி.

கேப்டன் காலைக் கீழே இறக்கினார்.

கப்பலின் பெட்டியைக் கழற்றி, மழை அளக்கிற மெஷின் என்று சொல்லி, பயணிகள் படகின் மேல்தளத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டி ஊர்க்காரர்களோடு கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்துகொண்டிருக்க, கப்பல் இரண்டு மாதம் மூடிய பகுதிக்குள் வலை போட்டிருக்கிறது. திரும்பும் வழியில் பெட்டியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள். குளிர் அறையைத் திறந்தால், முழங்கை நீளம்கூட இல்லாத குஞ்சுகள் அடுக்கடுக்காக இருந்தன. இறக்க அனுமதி இல்லை. கப்பலின் பெயர் எல்லாத் துறைமுகங்களுக்கும் போகும் திருட்டுப் பட்டியலில் ஏறியது.

"கிடங்குக்கு வேற ஆளைப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு டைரக்டர் வீட்டுக்குக் கிளம்பினார்.

சித்தி தன் நாற்காலிக்கு வந்து, அதன் உடைந்த கையை ஒரு முறை தடவிக்கொடுத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஏசிக் காத்து என்றாள். சரிதான் என்றார் சரிதான்.

வீட்டில் இந்தக் கதையை மூன்று தடவை சொன்னாள். மிகவும் கவனமாகக் கேட்டது அவளுடைய அக்கா மகள். பெட்டியை எத்தனை நாள் வைத்திருந்தார்கள், யாருக்கும் சந்தேகமே வரவில்லையா என்று கேள்வி வேறு கேட்டது அந்தப் பிள்ளை.

அடுத்த சனிக்கிழமை, கணக்கு டியூஷன் நேரத்தில், சித்தி துவைத்த துணி வாளியோடு மொட்டை மாடிக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அக்கா மகள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"டியூஷன் எப்படிப் போவுது?"

சித்தி தன் போனைக் காட்டினாள். அதில் அக்கா மகளின் புள்ளி டியூஷன் வீட்டில் இருந்தது.

"ஒரு மணி நேரமா ஆடலை, அசையலை. நீ ஒரு கணக்குக்கு நாலு தடவை தண்ணி குடிக்க எந்திரிக்கிறவ. போனை யார்கிட்ட குடுத்தே?"

"முன் பெஞ்சுக்காரிகிட்ட."

"ஆளையாவது பாத்துக் குடுத்திருக்கலாம். என்ன எழுதறே?"

"கணக்கு சித்தி."

சித்தி நோட்டை எட்டிப் பார்த்தாள். "கணக்குல நான் எதுக்குடி வர்றேன்?"

சித்தி நோட்டைப் பிடுங்கி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தன் கதையைப் படித்தாள். ஈரத் துணியெல்லாம் தரையில் கிடந்தது. சிரித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒரு முறை படித்தாள்.

"கண்ணைத் தொடச்சதை நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையே," என்றாள். "அன்னைக்குச் சாயந்தரம் நாற்காலி போச்சா இருக்கான்னு யாரோ போன் போட்டுக் கேட்டாங்கன்னு சரிதான் சொன்னாரே, அது நீதானா?"