மாடிக்குப் போகும் பைப்

என் வீட்டுக்காரரைத் தெருவே 'குழாய்' என்றுதான் கூப்பிடும். பிளம்பர் வேலை பார்க்கிறார் என்பது பாதிக் காரணம், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பது மீதி. யார் வீட்டில் சொட்டுச் சத்தம் கேட்டாலும் இவருக்கு இருப்புக் கொள்ளாது. சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு மட்டும் கந்தல் துணிதான் கட்டு. தங்கமான மனுஷன். வீம்பு ஏறிவிட்டால்தான் கிட்டப் போக முடியாது.

மாமனார் வீட்டைப் பாகம் பிரித்தபோது கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி கொழுந்தனுக்கு என்று முடிவானது. கொழுந்தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சேத்துல புரளுற ஆளுக்குத் தரைதானே அண்ணா வசதி?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். இவரும் கூடவே சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த வாரமே மாடிக்குப் போகும் பைப்பில், குளியலறைச் சுவருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு வால்வைப் பொருத்தி முக்கால்வாசி அடைத்துவிட்டார். மாடியில் தண்ணீர் நூலாக வந்தது. தம்பி கேட்டதற்கு, "மேல ஏறுறதுக்கு பிரஷர் பத்தலடா" என்றார். பிளம்பரே சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. வால்வு மட்டும் அப்படியே இருந்தது. திடீரென்று எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்றே தள்ளிப்போட்டு, வருஷங்கள் ஓடிவிட்டன. கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, தினமும் எங்கள் குழாயில் பிடித்து, வாளி வாளியாக மாடி ஏற்றினாள். பாவமாக இருக்கிறதே என்று நானும் கூடத் தூக்கினேன். கட்டின பெண்டாட்டியையே தண்ணீர் சுமக்க விட்டுவிட்டு, "பாத்து ஏறுங்க, வழுக்கும்" என்று இவருக்கு அக்கறை வேறு. அவள் முழங்கால் போனபோது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவரும் இவரே. இந்த வால்வு விவகாரம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

வீட்டில் நாங்கள் எல்லோரும் சபைக்குப் போவோம், இவர் மட்டும் வர மாட்டார். நான் தலைகீழாக நின்றும் வராதவர், ஞானஸ்நானத் தொட்டி ஒழுகுகிறது என்று பாஸ்டர் சொல்லி அனுப்பியதும் ஓடினார். ஒழுகலை நிறுத்திவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தவர், வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதுல முக்கினா பாவம் போயிடுமா பாஸ்டர்?"

"தண்ணிக்கு அந்த சக்தி இல்லங்க. மன்னிக்கிறது இயேசு. உள்ள முக்குறது, பழைய ஆளை அவரோட சேத்து அடக்கம் பண்றதுக்கு அடையாளம். எந்திரிச்சு வர்றது புது ஆள்."

"அப்ப மனந்திரும்புறதுன்னா என்ன? அழணுமா?"

"வந்தா அழுங்க. ஆனா அழுதுட்டு அதே வழியில போனா அது மனந்திரும்புறது இல்ல. நின்னு, திரும்பி நடக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்தவர் வாயே திறக்கவில்லை. குழாய்க்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகு, ஒரு காலையில் யாருக்கும் சொல்லாமல் வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். திரும்பியாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். மாடியில் ஒரே கூச்சல். ஓரகத்தி ஈரக் கையோடு, முழங்கால் வலியையும் மறந்து இறங்கி ஓடி வந்தாள். "அத்தான், தண்ணி கொட்டுது! நீங்கதானே சரி பண்ணீங்க? நீங்க நல்லா இருக்கணும் அத்தான்!" என்று கும்பிட்டாள். இவர் முகம் செத்துப்போனது. அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை. உபவாசம் போல என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடையில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். "பாவத்தை விட்டு மனந்திரும்புறீங்களா?" என்று பாஸ்டர் கேட்டார். சபையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஒரு வேலை பாக்கி இருக்கு பாஸ்டர்," என்று சொல்லிவிட்டு இவர் வெளியே ஏறி வந்தார். சொட்டச் சொட்ட நடந்து, முன்வரிசையில் இருந்த ஓரகத்தி எதிரில் போய் நின்றார்.

"தண்ணிய நான் சரி பண்ணலம்மா. அடைச்சதே நான்தான். உம் புருஷன் சொன்ன ஒரு சொல்லுக்காக வால்வு போட்டு அடைச்சேன். இத்தனை வருஷமும் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடும்மா."

எனக்குக் காது அடைத்துப்போனது. கொழுந்தன் விருட்டென்று எழுந்தான். ஓரகத்தி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"இந்தக் காலுக்கு நீங்கதானே அத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க?"

"ஆமாம்மா."

அவள் அழுதாள். நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் கோவம் இன்னும் போகல. ஆனா நீங்க போங்க, இறங்குங்க. வால்வை அடைச்ச அந்த ஆளை உள்ளேயே விட்டுட்டு வாங்க. பாஸ்டர், கொஞ்சம் நல்லா முக்கி எடுங்க!"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணீர் வாய்க்குள் போனது. அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தொட்டிக்குள் இறங்கியபோது எனக்கு அவர்மேல் வந்த பிரியம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து தலையைக்கூடத் துவட்டாமல் ஹேக்ஸா பிளேடை எடுத்தார். குளியலறைச் சுவருக்குப் பின்னால் போய் வால்வை அறுக்க ஆரம்பித்தார்.

"அதான் திறந்தாச்சே, இருந்துட்டுப் போகட்டும்," என்றேன்.

"நாளைக்கும் எனக்குக் கோவம் வரும்ல?" என்றார்.

வால்வு இருந்த இடத்தில் நேர்ப் பைப்பை ஒட்டும்போது மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், மாடிப்படியில் முறைத்துக்கொண்டு நின்ற கொழுந்தன் இறங்கி வந்தான். குனிந்து, பைப்பைப் பிடித்துக்கொண்டான்.